ரயிலில்தான் வந்தேன்

பட்டாளத்தில் இருந்த காலத்தில் எனக்கு ரயில் என்றாலே ஆகாது. லடாக்கிலிருந்து லீவில் கிளம்பினால், சண்டிகரில் ரயில் ஏறி ஊர் வந்து சேர்வதற்குள் லீவில் ஒரு பங்கு தண்டவாளத்திலேயே கரைந்துவிடும். டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, கக்கூஸ் கதவோரம் தூங்கி, கரிப்புகையைக் குடித்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றால், "இன்னாடா இப்டி கறுத்துப் போய்ட்ட?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. வந்த எரிச்சலில் நான் ஏதாவது சொல்வேன். நைனா சிரிப்பார்.

அதனால் விமானப்படையின் விமானங்களில் ஓசிச் சவாரி போகிற வித்தையைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். சரக்கு விமானத்தில் இடம் மிச்சம் இருந்தால் லீவில் போகிற சிப்பாய்களை ஏற்றிக்கொள்வார்கள். அது உரிமை இல்லை, தயவு. யூனிபாரத்தோடு, லீவு சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடுதளத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் காத்துக் கிடக்க வேண்டும். கூப்பிட்டால் பெட்டியோடு எடைமேடையில் ஏற வேண்டும். புத்தூர் மண்டியில் கடலை மூட்டையை நிறுத்துகிற மாதிரி நம்மை நிறுத்துவார்கள். அதிகாரிகள் முதலில், அவசரக்காரர்கள் பிறகு, மற்றவர்கள் கடைசியில். எல்லாம் முடிந்து ஏறி உட்கார்ந்த பிறகும், யாராவது பெரிய அதிகாரியோ கனமான சாமான் ஒன்றோ வந்துவிட்டால் கடைசியாக ஏறியவன் முதலில் இறங்க வேண்டும். அதற்குக் கோபப்பட முடியாது. ஓசியில் வந்தவனுக்கு ஏது கோபம்?

உள்ளே ஒன்றும் சொகுசு கிடையாது. மேலே லடாக்குக்குப் போகும்போது அந்த விமானம் உயிரோடு ஆடுகளையும் முட்டைக்கோசையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களையும் கொண்டுபோகும். கீழே வரும்போது காலிப் பீப்பாய்களையும் எங்களையும் கொண்டுவரும். ஆட்டுப் புழுக்கை நாற்றத்தில், பக்கச் சுவரில் கட்டிய கித்தான் பட்டையில், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பீப்பாய்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும். ஆனால் சண்டிகரிலிருந்து நாக்பூர், நாக்பூரிலிருந்து பெங்களூர் என்று அதிர்ஷ்டம் கூடினால், ரயிலில் வருகிறவன் நாக்பூரைத் தாண்டும் முன் நான் பலமனேர் மேட்டில் காற்று வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருப்பேன்.

எங்கள் ஊர், புத்தலப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரம். வெள்ளைக்கார மிஷன்காரர்கள் காலத்துச் சபை. சபைக் கோயிலைச் சுற்றி எங்கள் வீடுகள், அதற்கப்பால் கரும்பும் கடலையும். நைனா கரும்புக்காரர். நான் ஒரே பிள்ளை. நான் விமானத்தில் வருகிறேன் என்பதில் அவருக்கு இருந்த பெருமை எனக்கே கூச்சமாக இருக்கும். ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களை நிறுத்தி நிறுத்திச் சொல்வார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால், பண்டிகைக்கு விமானத்தில் வருகிறேன் என்று எழுதிப்போட்டேன். நைனா புதுச் சட்டை போட்டுக்கொண்டு சித்தூர் பஸ் நிலையத்துக்குப் போய், பெங்களூர் பஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை நின்றிருக்கிறார். அடுத்த நாளும் போயிருக்கிறார். என்னை நாக்பூரில் இறக்கிவிட்டிருந்தார்கள். என் இடத்தில் ஓர் இன்ஜின் பெட்டி பெங்களூர் போனது. நான் ரயிலைப் பிடித்து வந்து சேர்ந்தபோது பண்டிகைக்குச் சுட்ட அதிரசம் கல்லாகியிருந்தது. அம்மா கொதித்துப் போயிருந்தாள்.

"இனிமே ஏரோப்ளேன்ல வரேன்னு எழுதாத. வந்தா வா, வராட்டி போ. அந்த மனுசன் ரெண்டு நாளா சோறு துன்னல."

அதிலிருந்து நான் சொல்வதில்லை. விமானம் கிடைத்தால் திடீரென்று போய் நிற்பேன், கிடைக்காவிட்டால் ரயிலில் போவேன். வீட்டில் என் வருகைக்கு எப்போதும் ரயில் கணக்குதான். தந்தி எப்போது கிடைக்கும், மலை எப்போது இறங்குவான், சண்டிகரில் எந்த ரயில், ரேணிகுண்டாவுக்கு என்றைக்கு வரும் என்று அம்மா விரல் விட்டு எண்ணுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில் தந்தி வந்தது. அப்பா சீரியஸ், உடனே புறப்படு. லீவு வேண்டும் என்பதற்காக ஊரில் சொல்லி இப்படித் தந்தி வரவழைப்பது பட்டாளத்தில் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம். எங்கள் கம்பெனியில் ஒருவனுடைய பாட்டி வருஷத்துக்கு ஒரு முறை செத்துக்கொண்டிருந்தாள். என் தந்தியையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு சுபேதார் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். என் முகத்தில் என்ன இருந்ததோ. புறப்படுகிறேன் என்று மட்டும் வீட்டுக்குத் தந்தி அடித்தேன்.

மலையில் மேகம் விலகாமல், விமானம் கிளம்பாமல் ஒரு பகல் வீணானது. அந்தப் பகல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பிறகு சண்டிகர் வந்தது, சண்டிகரில் கெஞ்சியதில் நாக்பூர் விமானம் கிடைத்தது. நாக்பூரில் பழைய கதைதான். எடைமேடைக்குப் பக்கத்தில் நின்ற விமானப்படைக்காரர் தந்தியைப் படித்துவிட்டு, "அப்பாவுக்கு இது எத்தனையாவது தடவை?" என்று இந்தியில் கேட்டார். அடித்துவிடலாமா என்று இருந்தது. முதல் தடவை என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, கித்தான் பட்டையின் கடைசி இடத்தைக் கொடுத்தார். ஏறி உட்கார்ந்து பெருமூச்சு விட்டபோது ஏதோ சாமான் வந்து சேர்ந்தது. ஒருவன் இறங்க வேண்டும். கடைசியாக ஏறியவன் நான்.

எனக்குப் பக்கத்தில் கோலார்ப் பக்கத்துக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவன். முதல் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறேன் என்று கொட்டகையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன். நான் பெட்டியைத் தூக்கியதும் அவன் என் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"நூவு போ அன்னா. பொறந்தவன் எங்க ஓடப் போறான்? நான் ரயில்ல வரேன்."

சொல்லிவிட்டு அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். கதவு மூடும்போது அவன் திரும்பிப் பார்க்காமல் கொட்டகையை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

பெங்களூரில் இறங்கி, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிறையக் கூட்டம். "ஜவானு காரு, ரண்டி, கூச்சோண்டி" என்று ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். பலமனேரில் காய்கறி மூட்டைகளையும் பால் கேன்களையும் ஏற்றுவதற்காக வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டான். நான் இறங்கிப் போய்க் கத்தினேன். அவன் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்து வண்டியை எடுத்தான். கம்பளி உடுப்பு உடம்பில் ஒட்ட, வியர்வையில் குளித்துக்கொண்டு சித்தூர் வந்து, திருப்பதி பஸ் மாறி, புத்தலப்பட்டில் இறங்கியபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. இவ்வளவு சீக்கிரம் நான் எந்த லீவிலும் வந்ததில்லை.

ஊருக்குப் போகிற மண் பாதையில் முதலில் வருவது கல்லறைத் தோட்டம்தான். வேலி ஓரமாக நடந்து வந்தவன் புதுமண்ணைப் பார்த்தேன். மேலே கிடந்த சாமந்தி மாலை வெயிலில் இன்னும் வாடியிருக்கவில்லை. எங்கள் சபையில் குழி தோண்டுவதற்கு வெளியாளை அழைப்பதில்லை, சொந்தக்காரர்களே தோண்டி அவர்களே மூடுவார்கள். நைனாவுக்குத் தம்பி முறையான சித்தப்பா ஒருவர் மட்டும் நின்று மேட்டை மண்வெட்டியால் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"டேய்! நீ எப்டிடா வந்த?"

"ஏரோப்ளேன்ல."

அவர் மண்வெட்டியை விட்டுவிட்டு அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இப்பதான்டா போனாங்க. இன்னும் வூடு போய்ச் சேந்திருக்க மாட்டாங்க."

நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். நேற்று விடியலில் உயிர் போயிருக்கிறது. சித்தூரிலிருந்து ஐஸ் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்த வெயிலில் ஐஸ் என்ன செய்யும்? எங்கள் வழக்கத்தில் சவப்பெட்டியை மூடும் முன் முகத்தின் மேல் வெள்ளைத் துணி போடுவது மகன். அவன் போட்ட பிறகு யாரும் அந்த முகத்தைப் பார்ப்பதில்லை.

"எம்பையன்தான் போடணும்னு பெட்டிமேல கைய வெச்சிக்கினு உக்காந்துகிச்சி உங்கம்மா. பாதிரி ஐயரு சொல்லிப் பாத்தாரு. மூப்பருங்க சொல்லிப் பாத்தாங்க. அசையல. நேத்து முச்சூடும் அப்டியே. இன்னிக்கி மத்தியானம் ஆவறப்போ, வெக்க முடியாதுன்னு ஆயிப்போச்சி. அப்புறம் எல்லாரும் உக்காந்து ரயில் கணக்கு போட்டோம். எப்டிப் பாத்தாலும் ஞாயித்துக்கெழமைக்கு முன்ன நீ வரமாட்ட."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அதுவே எழுந்து துணிய எடுத்துப் போட்டுச்சி. மூடுங்க, அவன் வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்னிச்சி. மண்ணு போடறப்போ ரோட்டுல பஸ் சத்தம் கேட்டா திரும்பிப் பாக்கும். அத்தப் பாக்க முடியலடா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று தெரியவில்லை. மேகத்தின் மேல், பலமனேர் டிரைவர் மேல், பெட்டி மூடச் சொன்ன ஐயர் மேல். மண்வெட்டியை எடுத்து மேட்டில் ஓங்கிப் போட்டேன். மண் இறுகவில்லை, பொலபொலவென்று வந்தது. சித்தப்பா என்னைத் தடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். அப்புறம் ஆழத்தில் அந்தத் துணிக்கு அடியில் இரண்டு நாள் வெயில் பட்ட முகம் இருக்கிறது என்பது உறைத்தது. அதையா பார்க்க வந்தேன்? மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

"வூட்டுக்குப் போப்பா. உன்னப் பாத்தா உங்கம்மாவுக்குக் கொஞ்சம் ஆறும்" என்றார் சித்தப்பா.

எழுந்து பாதையில் நாலு எட்டு வைத்தேன். கோயில் பக்கத்திலிருந்து பெண்கள் பாடுகிற சத்தம் வந்தது. அப்போதுதான் யோசித்தேன். இப்போது நான் போய் வாசலில் நின்றால் அம்மாவுக்கு என்ன ஆகும்? ஒன்றரை நாள் கைவைத்துக் காத்திருந்தவள், இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தால் மகன் வந்திருப்பான் என்பதை என் முகத்திலிருந்தே தெரிந்துகொள்வாள். துணி போட்டது அவள் கை. மூடு என்று சொன்னது அவள் வாய். ஞாயிற்றுக்கிழமை நான் வந்தால் அது விதி, தூரம், பட்டாளத்து வாழ்க்கை. இன்றைக்கு வந்தால் அது அவள் அவசரம். அப்படி இல்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாலும் நம்ப மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

"எங்கடா போற?"

"ஞாயித்துக்கெழம வரேன் சித்தப்பா. ரயில்ல."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "பைத்தியமாடா உனுக்கு? அப்பன் செத்த வூடு அங்க கீது, நீ எங்க போயி கெடப்ப?" என்று சத்தம் போட்டார். அவர் ஊர்ப்பக்கம் ஒரு தடவை பார்த்தார், கலைந்த மண்ணைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து நான் தோண்டிய பள்ளத்தை மூடத் தொடங்கினார்.

"போ. நான் உன்னப் பாக்கல."

வயல் வழியாகக் குறுக்கே நடந்து ரோட்டுக்கு வந்து திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். சபைக்காரர்கள் யாரும் கால் வைக்காத ஊர் திருப்பதிதான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சத்திரம் ஒன்றில் யூனிபாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, லுங்கி கட்டிக்கொண்டு தூணோரம் படுத்தேன். சுற்றிலும் மொட்டைத் தலைகள். சந்தனம் பூசிய குழந்தைகள், மலையேறப் போகிறவர்கள், இறங்கி வந்தவர்கள், கோவிந்தா சத்தம். துக்கத்தை ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

கவனித்த ஒருவர் இருந்தார். வரதய்யபாளையத்துப் பக்கத்து விவசாயி. மனைவியின் காய்ச்சல் தீர்ந்ததற்காக இருவரும் மொட்டை போட்டிருந்தார்கள். மறுநாள் பகலில், நான் எழுந்திருக்காமல் கிடப்பதைப் பார்த்து விசாரித்தார்.

"மொட்ட போடலியாப்பா?"

"இல்லீங்க. நைனா தவறிட்டாரு."

அவர் பாயைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். "சாவுத் தீட்டோட மலைக்கு வரலாமா? வருசம் திரும்பணுமே."

"மலைக்கு வரலீங்க. நாங்க வேதக்காரங்க."

"அப்போ இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

"ரயிலுக்குக் காத்துக்கினு கீறேன்."

அதில் பொய் இல்லை. அவர் நம்பவில்லை. "அம்மா கீறாங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். "அப்போ எழுந்து வூட்டுக்குப் போ சாமி. தாலி அறுத்தவ அங்க ஒண்டியா உக்காந்துகினு இருப்பா, நீ இங்க குந்திக்கினு கீற" என்று கோபமாகவே சொன்னார். முன்பின் தெரியாத மனிதர். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மனைவி இலையில் கொஞ்சம் புளியோதரையும் லட்டில் ஒரு துண்டும் வைத்துவிட்டுப் போனார். கோயிலில் படைத்ததைத் தொடக்கூடாது என்று வளர்ந்தவன் நான். அன்றைக்குத் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன்.

அந்த நாட்களில் இரண்டு முறை பஸ் நிலையம் வரை போய்த் திரும்பினேன். போய்விடலாம், எல்லாவற்றையும் சொல்லி அம்மா மடியில் விழுந்துவிடலாம் என்று இருக்கும். பஸ் வரும், போகும். கோலார்க்காரன் நினைவு வரும். அவன் ரயிலில் இடிபட்டு வந்துகொண்டிருப்பான், அவன் கொடுத்த இடத்தை வாங்கிக்கொண்டு வந்த நான் சத்திரத்துத் தூணில் சாய்ந்திருக்கிறேன். நைனா போனது ஒரு பக்கம். அவருக்காக நான் ஓடிவந்த ஓட்டத்தைச் சொல்லிக்கொள்ள ஒருத்தரும் இல்லை என்பது இன்னொரு பக்கம். இவ்வளவு தனியாக நான் பனிமலையில் காவல் நிற்கும்போதும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்காமல் கடந்தேன். ஆராதனை முடிந்து சனங்கள் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். "இப்பதான் வரியாப்பா?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அலறுவாள் என்று நினைத்தேன். அலறவில்லை. என் பூட்ஸையும் பெட்டியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்டிடா வந்த?"

பெட்டியைக் கீழே வைத்தேன்.

"ரயில்லதாம்மா. ரேணிகுண்டால எறங்கி வரேன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்களிடம், "சொன்னேன் இல்ல, ஞாயித்துக்கெழமதான் வருவான்னு" என்றாள். அப்புறம்தான் அழுகை வந்தது. அவள் காலடியில் போய் விழுந்தேன்.

"மூடச் சொன்னது நாந்தான்டா. நாந்தான் துணி போட்டேன். இன்னும் ஒரு நாளு வெச்சிருந்தாகூட நீ பாத்திருக்க முடியாது. இல்ல?"

"முடியாதும்மா."

நான் சத்தமாக அழுதேன். வந்திருந்தவர்கள் எல்லாரும் நைனாவுக்காக என்றே நினைத்தார்கள். அம்மா என் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"அழாத கண்ணு, அழாத. நீ இன்னா பண்ணுவ. ஓடிதான் வந்திருப்ப. தூரம்டா, அவ்ளோ தூரம்" என்று தலையைத் தடவித் தடவிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.